முழு மனிதன் என்று ஒருவன் உண்டா? பிரான்சிஸ் நியாம்ஜோவின் சிந்தனைக்கு ஓர் எளிய அறிமுகம்

நைஜீரிய எழுத்தாளர் ஆமோஸ் டுட்டுவோலா எழுதி 1952இல் லண்டனில் வெளியான ஒரு நாவல், பனங்கள்ளே கதியென்று கிடந்த ஒருவனின் பயணத்தைச் சொல்வது. அதில் ஒரு சந்தைக் காட்சி வருகிறது. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாமென்று ஒதுக்கிய ஓர் அழகி, சந்தைக்கு வந்த ஓர் ஆணழகனைக் கண்டு மயங்கி, பின்னால் வராதே என்று அவன் தடுத்தும் கேளாமல் அவனைத் தொடர்ந்து காட்டுக்குள் போய்விடுகிறாள். காட்டில் நடக்க நடக்க அந்த ஆணழகன் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றை வாடகைக்குத் தந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்து, பேசியபடி வாடகையையும் செலுத்திக்கொண்டே போகிறான். முதலில் ஒரு பாதம், அடுத்து மற்றொரு பாதம், வயிறு, விலா, மார்பு, கைகள், கழுத்து என்று எல்லாம் போய்க் கடைசியில் மிஞ்சுவது ஒரு மண்டையோடு மட்டுமே. சந்தையே முழுமையான கனவான் என்று வியந்து பார்த்தவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எல்லாமே இரவல்.

வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறாதே என்ற எச்சரிக்கையாக இக்கதையைப் படித்துவிட்டு நகர்வது எளிது. கேமரூன் நாட்டு மானுடவியலாளர் பிரான்சிஸ் நியாம்ஜோ அப்படி நகரவில்லை. மண்டையோடு உறுப்புகளைக் கடன் வாங்கித்தான் சந்தைக்கு வர முடிகிறதென்றால், நாம் மட்டும் எதைக் கடன் வாங்காமல் நடமாடுகிறோம் என்று அவர் கேட்கிறார். மொழி பிறரிடமிருந்து வந்தது. பெயர் பிறர் வைத்தது. உடை, உணவு, தெய்வம், தொழில்நுட்பம் எல்லாம் யாரிடமிருந்தோ பெற்றவை. மனிதர், பண்பாடு, நாடு, அறிவுத்துறை ஆகிய எதுவும் தன்னளவில் நிறைவானதில்லை என்பதே அவருடைய சிந்தனையின் மையம். இதை அவர் முழுமையின்மை என்ற சொல்லால் குறிக்கிறார். பேச்சு வழக்கில் குறை என்றவுடன் ஊனம் நினைவுக்கு வருவதால், தமிழில் இச்சொல்லைச் சற்றுக் கவனமாகவே கையாள வேண்டும். அவர் குறிப்பது ஊனத்தையன்று, உயிரோடிருப்பவற்றின் இயல்பை. முழுமையானது எதனோடும் உறவு கொள்ளத் தேவையில்லை. முழுமையற்றதே பிறரைத் தேடிப் போகிறது.

இது வேதாந்தம் போலத் தோன்றலாம். ஆனால் குடியுரிமை, இனப்பகை, காலனிய நீக்கம் போன்ற மிகவும் தரையில் கால் பதித்த சிக்கல்களிலிருந்து கிளம்பி அவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதை அறிந்தால்தான் இக்கருத்தின் எடை தெரியும். ஆகவே அவர் நடந்துவந்த வழியிலேயே நாமும் செல்வது நல்லது. கேமரூனின் வடமேற்கிலுள்ள புல்வெளிப் பகுதியில் பும் என்ற ஊரைச் சேர்ந்த அவர், யவுண்டேயிலும் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் படித்தார். கேமரூனின் புவேயாவிலும் பின்னர் போட்ஸ்வானாவிலும் ஆசிரியராக இருந்தார். செனகல் தலைநகர் டக்காரில் இயங்கும், ஆப்பிரிக்கச் சமூக அறிவியல் ஆய்வாளர்களின் பொது அமைப்பான கோடெஸ்ரியாவில் வெளியீட்டுத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தார். 2009 முதல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியர். நாவல்களும் எழுதுபவர். சென்ற நாடெங்கும் அவர் ஏதோ ஒரு வகையில் அந்நியர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், சொந்த நாட்டில்கூட.

சொந்த நாட்டில் எப்படி அந்நியராக முடியும்? ஜெர்மனி 1884இல் கேமரூனைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. கேமரூன் மலையடிவாரத்தின் வளமான எரிமலை மண்ணை உள்ளூர் பாக்வேரி மக்களிடமிருந்து பறித்து ஐரோப்பியர் பெருந்தோட்டங்களை அமைத்தார்கள். தோட்டத்துக்கு ஆள் போதாமல், உள்நாட்டுப் புல்வெளிப் பகுதிகளிலிருந்து தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாகக் கடற்கரைப் பகுதிக்கு வந்து சேர்ந்தனர். முதல் உலகப் போருக்குப் பின் நாடு பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. 1961இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், பிரிட்டிஷ் பங்கின் தென்பகுதி, ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்த பிரெஞ்சுக் கேமரூனோடு இணைந்தது. ஆங்கிலம் வழங்கும் சிறுபான்மை ஒன்று இவ்வாறு உருவாயிற்று. அச்சிறுபான்மைக்குள்ளேயே மண்ணின் மைந்தர், வந்தேறி என்ற இன்னொரு பிளவும் இருந்தது. புல்வெளியிலிருந்து வந்து தங்கிவிட்டவர்களைக் கடற்கரை மக்கள் பிட்ஜின் மொழியில் 'கேம் நோ கோ' என்று அழைத்தார்கள், அதாவது வந்தவன் போகமாட்டான். தோலை விட்டு எளிதில் அகலாத சொறிக்கும் அதே பெயர்தான் என்பதைக் கேட்டால், அச்சொல்லில் எவ்வளவு கசப்பு என்பது விளங்கும்.

1990இல் கேமரூனில் பல கட்சி அரசியல் திரும்பியபோது, ஜனநாயகம் வந்தால் இத்தகைய பிளவுகள் மங்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். நடந்தது நேர்மாறு. ஒரு தொகுதியில் வந்தேறிகள் பெரும்பான்மையாக இருந்தால் தேர்தலில் அவர்களே வெல்வார்கள் என்ற அச்சம் மண்ணின் மைந்தர்களுக்கு எழுந்தது. அந்த அச்சம் ஆட்சியிலிருந்தோருக்குப் பயன்பட்டது. சிறுபான்மையினரையும் அவ்வப்பகுதியின் பூர்வகுடிகளையும் அரசு பாதுகாக்கும் என்ற வாசகம் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. அதே ஆண்டு நகராட்சித் தேர்தலில் துவாலா நகரில் எதிர்க்கட்சி வென்று, உள்ளூர் துவாலா இனத்தைச் சேராதவர்கள் மேயர்களாக வந்தபோது, பூர்வகுடியினர் தெருவில் இறங்கி எதிர்த்தனர். வாக்கு எல்லோருக்கும் உண்டு, பதவி மட்டும் மண்ணுக்குரியவனுக்கு என்ற வாதம் அங்கே வெளிப்படையாக வைக்கப்பட்டது.

டச்சு மானுடவியலாளர் பீட்டர் கெஷியரோடு இணைந்து நியாம்ஜோ 2000இல் எழுதிய கட்டுரை இந்த முரணைத்தான் ஆராய்ந்தது. அவர்களது வாதத்தை எளிமையாகச் சொன்னால் இவ்வளவே: மூலதனத்துக்கு ஆள் வேண்டும், ஆகவே மக்களை ஊர்விட்டு ஊர் இழுக்கிறது, ஆனால் வந்தவர்கள் உரிமை கேட்காமலும் கட்டுக்குள் அடங்கியும் இருக்க வேண்டும், ஆகவே அவர்களை வெளியாள் என்றும் முத்திரை குத்துகிறது. நடமாட்டமும் மண்ணுரிமையும் ஏற்றப்பலகையின் இரு முனைகள் போல ஒரே அச்சில் ஆடுகின்றன. பூர்வகுடி என்ற உணர்வு பழைய இனக்குழு வாழ்க்கையின் எச்சம் என்று கருதிவிட முடியாது. அதைத் தூண்டிவிட்டதில் தோட்டமுதலாளிக்கும் வாக்குப்பெட்டிக்கும் பெரிய பங்குண்டு. மாமனும் மச்சானுமாகப் பழகிய ஊரில் திடீரென்று நீ எந்த ஊர்க்காரன் என்ற கேள்வி எழுவது ஏன் என்று யோசித்திருப்பவர்களுக்கு இந்த வாதம் உடனே பிடிபடும். கேமரூனில் அக்கேள்விக்கு இன்னும் கூரான ஒரு வடிவமும் உண்டு: செத்தால் உன்னை எங்கே புதைப்பார்கள்? நகரத்தில் நாற்பதாண்டு வாழ்ந்தவரின் உடலையும் பிறந்த ஊருக்கு எடுத்துச் சென்று அடக்கம் செய்யும் வழக்கம் அங்கே வலுவானது. அந்த வழக்கமே, நீ இந்த நகரத்துக்குச் சொந்தமில்லை என்பதற்குச் சான்றாக அவர் மீதே திரும்புகிறது.

போட்ஸ்வானாவில் அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆப்பிரிக்காவின் முன்மாதிரி ஜனநாயகம் என்று பெயர் வாங்கிய அந்நாட்டில், 1966ஆம் ஆண்டு அரசியல் சட்டம் எட்டு ட்ஸ்வானா இனக்குழுக்களின் தலைவர்களுக்கே தலைவர்கள் அவையில் இயல்பான இடம் தந்திருந்தது. கலாங்கா, வாயேயி, சான் போன்ற மக்கள் கடவுச்சீட்டில் முழுக் குடிமக்களாகவும் நடைமுறையில் இரண்டாம் வரிசையினராகவும் இருந்தனர். அவர்களுக்கும் கீழே, ஜிம்பாப்வேயிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள். தன் வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணை வெளியே ஆபத்தான அந்நியர் என்று பேசும் எஜமானியம்மாளைப் பற்றி, 2006இல் வெளியான குடியுரிமை குறித்த தம் நூலில் நியாம்ஜோ விரிவாக எழுதினார். சட்டப் புத்தகத்தில் குடியுரிமை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகள்; வாழ்க்கையில் அது பல படிகள் கொண்ட ஏணி, மேல்படியில் நிற்பவரின் சுகம் கீழ்ப்படியில் நிற்பவரின் உழைப்பில் நிற்கிறது என்பதே அந்நூலின் சாரம்.

ஏணியின் கொடூரமான முகம் தென்னாப்பிரிக்காவில் தெரிந்தது. பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த கறுப்பர்களை அங்கே 'மக்வெரெக்வெரெ' என்று இழிவாக அழைப்பார்கள். புரியாத மொழி காதில் விழும் ஓசையைப் பழிப்பது போல அமைந்த சொல் அது. கிரேக்கர் பிறரை பார்பரோஸ் என்றதும், வடமொழியாளர் மிலேச்சர் என்றதும் இதே வகை. 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் தொடங்கிய வன்முறையில் 62 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி. தோல் சற்று அதிகம் கறுத்திருந்ததற்காகவும், முழங்கையை ஜூலு மொழியில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்கப்பட்டபோது தடுமாறியதற்காகவும் சந்தேகத்துக்குள்ளானோர் உண்டு. நாட்டின் வடகோடியில் வாழும் வெண்டா, ட்ஸோங்கா மொழியினர் இதில் எளிதில் சிக்கினர். வெளியாளை அடையாளம் காணும் சல்லடையை ஒருமுறை கையில் எடுத்துவிட்டால், அது வெளியாளோடு நிற்பதில்லை. உள்ளாளையும் சலிக்கத் தொடங்குகிறது.

இதில் ஒரு வரலாற்று வஞ்சனை இருக்கிறது. நிறவெறி அரசு 1970இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு கறுப்பரையும், கறுப்பருக்கென்று ஒதுக்கப்பட்ட ஏதாவதொரு தாயகப் பகுதியின் குடிமகன் என்று அறிவித்தது. 1976இல் அத்தகைய தாயகங்களில் ஒன்றான டிரான்ஸ்கை தனிநாடு என்று அறிவிக்கப்பட்டபோது, அதற்குரியவர்களாகக் கருதப்பட்டோர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்திருந்தாலும் சொந்த நாட்டில் அயல்நாட்டார் ஆயினர். கையில் அனுமதிச்சீட்டு இல்லாமல் நகரத்தில் நிற்க முடியாது என்ற அவமானத்தைத் தலைமுறைகளாக அனுபவித்த மக்களே, விடுதலைக்குப் பின் அடுத்தவரிடம் சீட்டைக் காட்டு என்று கேட்க நேர்ந்ததை நியாம்ஜோ திரும்பத் திரும்பச் சுட்டுகிறார். தமிழர்க்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்குண்டு. சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பரில் டர்பனை அடைந்த முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலின் வழிவந்த சமூகத்தை, நாட்டின் நிலையான மக்கள்தொகையில் ஒரு பகுதியாக அந்நாட்டு அரசு ஏற்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒரு சிலையின் கதைக்கு வருவோம். கேப் டவுன் பல்கலைக்கழக வளாகத்தில் 1934 முதல் அமர்ந்திருந்த, பிரிட்டிஷ் காலனியவாதி செசில் ரோட்ஸின் சிலை மீது 2015 மார்ச் 9 அன்று ஒரு மாணவர் மலத்தை வீசினார். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 9 அன்று, சிலை கிரேனால் தூக்கி அகற்றப்பட்டது. உலகமே பார்த்த காட்சி அது. அதே வாரங்களில் டர்பனில் மக்வெரெக்வெரெக்களின் கடைகள் சூறையாடப்பட்டன. இரண்டு செய்திகளையும் பத்திரிகைகள் வேறு வேறு பக்கங்களில் வெளியிட்டன. நியாம்ஜோ இரண்டையும் ஒரே நூலில் வைத்துப் படித்து, ஒரு விபரீதக் கேள்வியைக் கேட்டார்: ரோட்ஸ் மட்டும் யார்? 1870இல், பதினேழு வயதில், உடல் நலிந்த பையனாக, அண்ணனின் பருத்தித் தோட்டத்துக்கு நேட்டாலில் வந்து இறங்கிய வெளிநாட்டான். உள்ளூர் மொழி தெரியாதவன். பிழைப்பு தேடி வந்தவன். இலக்கணப்படி பார்த்தால் அவனும் ஒரு மக்வெரெக்வெரெதான்.

ஆனால் இந்த வந்தேறி கிம்பர்லியின் வைரச் சுரங்கங்களை வளைத்தார். 1890இல் கேப் காலனியின் பிரதமரானார். 1894இல் கிளென் கிரே சட்டத்தின் வழியாக, சொந்த நிலத்தை விட்டு வெளியே கூலிக்குப் போகாத ஆண்கள் மீது வரி விதித்தார். அவர் பெயர் ஒரு நாட்டுக்கே சூட்டப்பட்டது. தமக்கு வேண்டிய கை, கால், நிலம், வைரம் எல்லாவற்றையும் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டவர், தாம் முழுமையானவர் என்றும் பறிகொடுத்தவர்களே குறையுள்ளவர்கள் என்றும் உலகை நம்பவைத்தார். டுட்டுவோலாவின் மண்டையோட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு சட்டென்று புலப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டையோடு பேசிய வாடகையைக் கணக்காகக் கொடுத்து, உறுப்புகளைத் திருப்பியும் தந்துவிட்டது. செத்தால் எங்கே புதைப்பார்கள் என்ற கேமரூன் மக்களின் கேள்வியை ரோட்ஸிடம் கேட்பதும் சுவையானது. அவர் விரும்பியபடியே அவரது உடல் இன்றைய ஜிம்பாப்வேயின் மட்டோபோ குன்றுகளில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. புதைத்த இடமே சொந்த ஊர் என்றால், ரோட்ஸ் ஜிம்பாப்வே மண்ணின் மைந்தர். பிழைப்புக்காக அங்கிருந்து தென்னாப்பிரிக்கா வரும் தொழிலாளியோ வந்தேறி.

இங்கிருந்துதான் காலனிய நீக்கம் குறித்த அவரது பார்வை கிளம்புகிறது. காலனியம் என்பது, முழுமை என்ற பொய்யை ஆயுதமாக்கிப் பிறரைச் சுருக்கிய செயல். அப்படியானால் அதை நீக்குவதற்கு, அந்நியமானதையெல்லாம் கழித்துவிட்டுக் கலப்பற்ற ஆப்பிரிக்கத்தை மீட்டெடுப்பது வழியாகாது. ஏனென்றால் கலப்பற்ற ஆப்பிரிக்கமும் முழுமை பற்றிய இன்னொரு பொய்யே. சிலையை அகற்றியதை அவர் எதிர்க்கவில்லை. சிலையை அகற்றிய கை, மறுநாள் மொசாம்பிக்காரனின் கடைக் கதவைத் தட்டக்கூடாதே என்பதுதான் அவர் கவலை.

அறிவுத்துறையிலும் அவர் இதையே வலியுறுத்துகிறார். ஆப்பிரிக்கக் கல்விக்கூடங்கள் வெளிநாட்டு விதையைக் கண்ணாடிக் கூடத்துத் தொட்டியில் வளர்ப்பது போல மாணவர்களை வளர்க்கின்றன, வெளியே இருக்கும் மண்ணில் வேர்விட அவர்களால் முடிவதில்லை என்பது அவரது பழைய குற்றச்சாட்டு. டுட்டுவோலாவின் கதையும் இதற்குச் சான்று: அவரது ஆங்கிலம் இலக்கணத்தை மீறி யொருபா மொழியின் நடையில் ஓடியதால், லண்டனில் பாராட்டப்பட்ட அந்நாவலைக் கண்டு படித்த நைஜீரியர் பலர் கூச்சப்பட்டார்கள். மானுடவியலின் கதை இன்னும் சிக்கலானது. ஆப்பிரிக்கர்களை ஆராய்வதற்கென்றே வளர்ந்த துறை, ஆராய்பவராக ஆப்பிரிக்கரை ஏற்கத் தயங்கியது. கேப் டவுன் பல்கலைக்கழகம் 1968இல் ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின மானுடவியலாளரை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அரசின் மிரட்டலுக்குப் பணிந்து நியமனத்தைத் திரும்பப் பெற்றது; மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் அமர்ந்து நாள்கணக்கில் போராடியும் பயனில்லை. பிற்காலத்தில் மானுடவியலையே கடுமையாக விமர்சித்தவர் மஃபேஜே. அவருக்குக் கதவடைத்த அதே பல்கலைக்கழகத்தில்தான் இன்று நியாம்ஜோ பேராசிரியர்.

2012இல் வெளியான ஒரு கட்டுரையில், நமக்கு நன்கு பழகிய கதையான பார்வையற்றோர் யானையைத் தடவிப் பார்த்த கதையை அவர் எடுத்தாள்கிறார். தும்பிக்கையைத் தொட்டவர், காதைத் தொட்டவர், காலைத் தொட்டவர் யாருமே பொய் சொல்லவில்லை. தான் தொட்டதே யானை என்று சாதிப்பதில்தான் தவறு தொடங்குகிறது. கண்ணிருப்பவர்களும் தம் பார்வையால் குருடாவதுண்டு. ஆகவே தனியொருவர் களத்துக்குப் போய்த் தனியாக எழுதித் தனியாகப் புகழ் பெறும் மரபை விட்டு, வெளியிலிருந்து பார்ப்பவரும் உள்ளிருந்து வாழ்பவரும் சேர்ந்து ஆராய வேண்டும் என்கிறார். இந்தக் கூட்டுறவைக் குறிக்க அவர் பயன்படுத்தும் சொல்லைக் கூடிவாழ்தல் என்று தமிழாக்கலாம். விருந்தோம்பல், விட்டுக்கொடுத்தல், பேரம் பேசுதல், சண்டையிட்டுச் சமாதானமாதல் ஆகிய எல்லாம் அதில் அடங்கும்.

அன்றாட வாழ்வில் இது எப்படியிருக்கும் என்று கேட்டால் அவர் கேமரூனின் 'புஷ்ஃபாலர்'களைக் காட்டுவார். வெளிநாடு போவதை அங்குள்ளோர் காட்டுக்கு வேட்டைக்குப் போவதாகச் சொல்கிறார்கள். வேட்டைக்குப் போனவன் தனக்காக மட்டும் போவதில்லை. கறியோடு திரும்ப வேண்டும், பங்கிட வேண்டும். லண்டனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருக்கும் மகனிடம் கைப்பேசி மணி அடித்துப் பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, சாவுச் செலவு என்று கேட்கிறார்கள். கைப்பேசி அவனை ஊரோடு இணைக்கிறது, ஊரின் பிடியிலும் வைக்கிறது. ஒரே நேரத்தில் இரு இடங்களில் இருக்க உதவும் அக்கருவியை மந்திரத் தாயத்துகளின் வரிசையில் வைத்து அவர் பேசுவது வேடிக்கைக்காக அன்று. மனிதன் தன் போதாமையை நீட்டித்துக்கொள்ளும் கருவி என்ற வகையில் இரண்டும் ஒன்றே என்பது அவர் துணிபு. இத்தகைய மனிதரை அவர் எல்லையோர ஆப்பிரிக்கர் என்று அழைக்கிறார்: கிராமத்துக்கும் நகரத்துக்கும், மரபுக்கும் நவீனத்துக்கும் நடுவே நின்று எதையும் முற்றாகத் துறக்காதவர்.

இச்சிந்தனையில் எனக்குத் தயக்கம் தரும் இடம் ஒன்றுண்டு. எல்லோரும் முழுமையற்றவர்கள் என்றால், சுரங்க முதலாளியும் சுரங்கத் தொழிலாளியும் ஒரே தராசில் ஏறிவிட மாட்டார்களா? ரோட்ஸும் வந்தேறிதான் என்ற வாதத்தை, அவரது குற்றத்தைக் குறைக்க விரும்புவோர் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே என்று நிலத்தைத் திருப்பித் தர மறுப்போர் கூறலாம். நியாம்ஜோ அதிகார வேறுபாட்டை மறக்கவில்லை என்பது உண்மையே. முழுமையைப் பாசாங்கு செய்யும் வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதை அவர் நன்கு அறிவார். ஆயினும் கடனை ஒப்புக்கொள்வதற்கும் கடனைத் தீர்ப்பதற்கும் இடையே நீதிமன்றம், நிலச் சீர்திருத்தம், வரி, கூலி என்று நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதில் அவரது எழுத்து உவமையோடு நின்றுவிடுவதாகவே நான் படிக்கிறேன். நிலத்தை இழந்த பாக்வேரி மக்களிடம் கூடிவாழ்தலைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

ரோட்ஸ் சிலை பற்றிய அவரது நூல், அவரும் சேர்ந்து தொடங்கிய லங்கா என்ற பதிப்பகத்தின் வெளியீடாகக் கேமரூனின் பமெண்டா நகரிலிருந்து 2016இல் வந்தது. லண்டனையோ நியூயார்க்கையோ நம்பாமல் ஆப்பிரிக்கர் எழுதியதை ஆப்பிரிக்காவிலேயே பதிப்பிப்பது அதன் நோக்கம். பமெண்டாவில் பதிப்பிக்கப்பட்ட அந்நூலை உலகெங்கும் விற்றுத் தரும் ஆப்பிரிக்கப் பதிப்பாளர்களின் கூட்டமைப்பு இயங்குவது ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து. ரோட்ஸ் படித்த ஊரும், அவர் பெயரிலான உதவித்தொகையில் இன்றும் ஆப்பிரிக்க மாணவர்கள் சென்று படிக்கும் ஊரும் அதுவே.